பதினோராம் நம்பர்க்காரி

மிக்கேலம்மாளைப் பத்திப் பேச்செடுத்தா எல்லாரும் "பாவம்"னுதான் ஆரம்பிக்கறாங்க. கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். பாவம்னு உச்சுக்கொட்டற அளவுக்கு அவ லேசுப்பட்டவ இல்ல. கட்டின புருசன் கையிலயே சூடு போட்டவ. யாரையாவது திட்டணும்னா என்னைத் திட்டுங்க. நான் குள்ளம்மா. அவளோட பக்கத்து வூட்டுக்காரி. அவ வேலை செஞ்ச லேப்புல பாட்டில் கழுவினவ. நடந்ததைச் சொல்றேன். நடுவுல யாரும் குறுக்க பேசாதீங்க, எனக்குக் கோவம் வந்தா வாயில நல்ல வார்த்தை வராது.

எண்பத்தாறுல பாலக்கோட்டுல இருந்து மாரண்டஅள்ளி போற ரோட்டுல அந்த லேப் வந்துச்சு. பெங்களூர் மொதலாளி. வாழைக்கன்னைக் கண்ணாடி பாட்டில்ல வளக்கற எடம். ஊர்ல ஒருத்தரும் நம்பல. வாழைன்னா பக்கக்கன்னைத் தோண்டி நடுவோம், இவனுங்க பாட்டில்ல வளக்கறானுங்களாம், எந்தச் சாராயக்கடையில சொன்னாங்கன்னு என் கொழுந்தன் சிரிச்சான். ஆனா நான் கண்ணால பாத்தேன். கிழங்கு நடுவுல இருக்கற குருத்தை நகக்கண்ணு அளவுக்கு வெட்டி, மருந்துல கழுவி, கஞ்சி ஆறினா கட்டுமே அந்தப் பதத்துல இருக்கற ஒரு சத்து மேல வைப்பாங்க. ஒரு மாசத்துல அந்தத் துணுக்குல இருந்து நாலஞ்சு முளை வரும். அதைப் பிரிச்சு வெட்டி நாலஞ்சு பாட்டில்ல வைக்கணும். அது மறுபடி நாலஞ்சா முளைக்கும். வெட்ட வெட்டப் பெருகும்.

வெட்டறது பூரா பொம்பளைங்க. கண்ணாடிப் பொட்டி முன்னால உக்காந்து, வாயைத் துணியால கட்டிக்கிட்டு, ஆஸ்பத்திரிக் கத்தியை ஸ்பிரிட் விளக்குல சுட்டுச் சுட்டு வெட்டணும். செருப்பு அந்த ரூம் வாசப்படி தாண்டக்கூடாது. இருமக்கூடாது. ஒரு பொட்டுத் தூசி விழுந்தாலும் மூணாம் நாள் பாட்டிலுக்குள்ள வெள்ளையாப் பூசணம் பூத்து நிக்கும். கை நடுங்கினா குருத்து நசுங்கிச் செத்துப்போயிரும்.

வெட்டறவங்க ஆறு பேரு. ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர். ஒண்ணுல இருந்து அஞ்சு பெங்களூர்க்காரங்களுக்குன்னு, எங்க ஊர்ல ஆறுல ஆரம்பிச்சுப் பதினொண்ணுல முடிஞ்சுச்சு. பதினொண்ணு மிக்கேலம்மா. பாட்டில் மேல வெட்டினவ நம்பரையும், அது எத்தனாவது வெட்டுங்கறதையும் எழுதணும். எட்டு வெட்டுக்கு மேல வெட்டவே கூடாதுன்னு சட்டம். ஏன்னு எங்களுக்கு யாரும் வெளக்கல. எட்டு முடிஞ்ச பாட்டில் எல்லாம் எங்கிட்ட வந்துரும். நான் அதைப் பெரிய குக்கர்ல வேகவெச்சுக் கொட்டிட்டுப் பாட்டிலைக் கழுவணும். பெங்களூர்ல இருந்தும் பழைய பாட்டில் வரும், அங்க சோதனைக்குன்னு வெட்டினது, பத்து, பன்னெண்டுன்னு எழுதியிருக்கும். அதுலதான் கன்னு முட்டிக்கிட்டுப் பச்சப்பசேல்னு நிக்கும். அதைப் போயி வேகவைக்கச் சொல்றாங்களேன்னு எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்.

மிக்கேலம்மா பி.பள்ளிப்பட்டிப் பக்கத்துக்காரி. கட்டிக் குடுத்தது பாலக்கோட்டுச் சவரிக்கு. அவன் சக்கரை மில்லுக்குக் கரும்பு ஏத்திட்டுப் போற டிராக்டர் ஓட்டறவன். மாதா கோயில் திருவிழாவுக்கு அவ காகிதப்பூ வெட்டறதைப் பாத்துட்டுத்தான் லேப் சூப்ரவைசர் சின்னப்பராஜ் சார் வேலைக்குக் கூப்புட்டாரு. அவரும் அதே கோயில்தான். ஒரே மாசத்துல அவளை மிஞ்ச ஆளில்ல. மத்தவங்க நூறு பாட்டில் போட்டா பத்து பூசணம் புடிக்கும், இவளோடது ஒண்ணு புடிச்சாலே அதிசயம்.

சவரிக்கு அது பொறுக்கல. குடிச்சுட்டு வந்து தினமும் அடி. எங்க வூட்டுக்கும் அவ வூட்டுக்கும் நடுவுல ஒரே செவுருதான், எல்லாம் கேக்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாம கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போனேன். தென்னமட்டையால முதுகுல போட்டுட்டு இருந்தான். அடி வாங்கற பொம்பளை மூஞ்சியத்தான் மறைப்பா. இவ ரெண்டு கையையும் அக்குளுக்குள்ள சொருகி இறுக்கிக்கிட்டு, தலையைக் காட்டிட்டு உக்காந்திருந்தா. நெத்தி பொளந்து ரத்தம் மூக்கு வழியா எறங்குது. கை வெளிய வரவே இல்ல.

மறுநாள் குழாயடியில கேட்டேன், "ஏம்புள்ள, தலையக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கயே, மண்டை பொளந்தா செத்துப்போவ."

"மண்டை பொளந்தா தையல் போடுவாங்க குள்ளு. கை போச்சுன்னா? எங்கம்மாவாட்டம் தக்காளி பொறுக்கப் போவணும். வா போன்னு கண்டவன்கிட்டயும் ஏச்சு வாங்கணும். அந்த ரூமுக்குள்ள என்னை ஒருத்தரும் அப்படிக் கூப்புடறதில்ல." கையை முந்தானையில தொடச்சுக்கிட்டே சொன்னா. "இந்தக் கை இருக்கற வரைக்கும் அவன் என்ன பண்ணாலும் நான் நான்தான்."

பாப்பாரப்பட்டிப் பக்கத்துல இருந்து நஞ்சப்பன்னு ஒரு விவசாயி வந்தாரு. இந்தச் சுத்துப்பட்டுல மொதமொதல்ல பாட்டில் கன்னை நம்பினவர் அவர்தான். கூடவே சம்சாரம் பாஞ்சாலி. லேப் கேட் பக்கத்துலயே செருப்பைக் கழட்டிட்டாரு, யாரும் சொல்லாமயே. கண்ணாடி வழியா மிக்கேலம்மா வெட்டறதை ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்துட்டு, "இந்தம்மா கையில வெட்டின கன்னே எனக்கு வேணும் சார், கைராசிக்காரியாத் தெரியுது"ன்னாரு. எண்ணூறு கன்னு. அவளே வெட்டணும்னு ஏற்பாடு.

அந்த ஆர்டருக்காக ஒரு ஞாயித்துக்கிழமையும் அவ வேலைக்கு வந்தா. பூசைக்குப் போகல. சவரியோட அக்கா புருசன் கோயில் வாசல்ல வெச்சு, உம்பொண்டாட்டி எங்கடான்னு நக்கலாக் கேட்டிருக்கான். இவன் அங்கிருந்து நேராக் கடைக்குப் போயிக் குடிச்சுட்டு லேப்புக்கு வந்துட்டான். வாட்ச்மேன் சென்னப்பனைத் தள்ளிட்டு, வெட்டற ரூமுக்குள்ள, செருப்போட.

நான் தொடைப்பக் கட்டையோட பின்னால ஓடினேன். அதுக்குள்ள அவ பாட்டில் அடுக்கியிருந்த ராக்கை இழுத்துக் கீழ சாச்சுட்டான். அவ வெட்டின பாட்டில் பூரா நொறுங்கிக் கெடக்கு. தலைமுடியைப் புடிச்சு இழுத்து, அவ வலது கையை மேசை விளிம்புல வெச்சு மடக்கறான். "இந்தக் கை இருக்கறதுனாலதான ஆட்டம் போடற"ன்னான். அவ்வளவு நாள் அடி வாங்கினவ, ஒரு சத்தம் போடாதவ, இடது கையால விளக்குல இருந்த கத்தியை எடுத்து, செவந்து கெடந்த அதை அப்படியே அவன் பொறங்கையில வெச்சு அழுத்தினா. தோல் கருகற வாசம் ரூம் பூரா அடிச்சுச்சு. அவன் ஊளையிட்டுக்கிட்டு அவளைக் கீழ தள்ளி விலாவுலயே மிதிச்சான். நான் கட்டையால அவன் முட்டியில ஓங்கிப் போட்டேன், விழுந்தான். அப்பறம் நானும் சென்னப்பனும் அவனைத் தரதரன்னு இழுத்துட்டுப்போயி ரோட்டுல போட்டோம். எனக்கு இன்னைக்கும் அதுல வருத்தமில்ல, இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்.

அவளுக்கு ரெண்டு விலா எலும்பு ஒடைஞ்சுபோச்சு. கைக்கு ஒண்ணுமில்ல. தரையில கெடந்துக்கிட்டே பத்து விரலையும் ஒவ்வொண்ணா மடக்கி நீட்டிப் பாத்தா.

பன்னெண்டு நாள் வூட்டுல படுக்கை. அந்த நேரம் பாத்து மொதலாளி வர்றதா சேதி. யாரு ராக் காலியா இருக்கோ அந்த ஆளும் காலின்னு சின்னப்பராஜ் சார் சொல்லிட்டாரு. மிக்கேலம்மா ராக்குல தேறினது மூணே பாட்டில். விட்டா அவ வேலை போயிரும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு ஒரு வருசமாப் பாத்து எனக்கும் வெட்ட வரும். சார்கிட்டப் போயி, அவ சீட்ல நான் உக்காந்து வெட்டறேன், அவ நம்பரையே எழுதறேன்னு கெஞ்சினேன். அவருக்கு ஆர்டர் முடிஞ்சாப் போதும். "எனக்குத் தெரியாது, நீ என்னமோ பண்ணு"ன்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

மூணு பாட்டிலை வெட்டினா பத்துப் பதினஞ்சுதான் வரும். நஞ்சப்பனோட எண்ணூறு கன்னுக்கு எனக்கு வேண்டியது நாப்பது. கழுவற எடத்துல பெங்களூர் பாட்டில் அடுக்கி வெச்சிருந்துச்சு. பன்னெண்டாவது வெட்டு. கன்னு பிதுங்கிக்கிட்டு நிக்குது, ஒரு பூசணம் இல்ல, ஒரு வாடல் இல்ல. வேகவெச்சுக் கொட்டப்போற நல்ல கன்னு, இதை வெட்டினா யாருக்கு என்ன நட்டம்னு நெனச்சேன். பாட்டில் கழுவறவளுக்கு எது பச்சையா இருக்கோ அது நல்லது, அவ்வளவுதான் என் படிப்பு. பாட்டிலுக்கு நாலஞ்சு துணுக்கா நாப்பது பாட்டில் வெட்டி வெச்சேன். ஒவ்வொண்ணு மேலயும் நம்பர் பதினொண்ணு, அஞ்சாவது வெட்டுன்னு எழுதினேன். மொதலாளி வந்தாரு, பாத்தாரு, தலையாட்டிட்டுப் போயிட்டாரு.

மிக்கேலம்மா விலாவுல கட்டோட வந்து ராக்கைப் பாத்தா. "நீயா வெட்டின குள்ளு?"

"ஆமா."

"எதுல இருந்து?"

"உன்னோட நாலாவது வெட்டுல தப்பிச்சது கெடந்துச்சுல்ல, அதுல இருந்துதான்."

ஏன் பொய் சொன்னேன்னு கேக்காதீங்க. உண்மையைச் சொன்னா அத்தனையையும் எடுத்துக் குக்கர்ல போட்டிருப்பா, அவ அப்படிப்பட்டவ. வேலை போயிருக்கும். அவ என் கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. "உன்னாலதான் புள்ள என் கை அந்த ரூமுக்குள்ள இருக்கு"ன்னா. அந்த நாப்பது பாட்டில்ல, துணுக்குக்கு நாலஞ்சா முளைச்ச எண்ணூறு கன்னுதான் வேர் புடிச்சு, நெழல் கூடாரத்துல தேறி, நஞ்சப்பன் வயலுக்குப் போச்சு. ஒவ்வொரு தட்டுலயும் வெட்டினவ நம்பர் எழுதின சீட்டு கட்டி விடறது எங்க வழக்கம். எண்ணூறு கன்னோடயும் பதினொண்ணுதான் போச்சு.

சவரி அப்பறம் அவ மேல கை வெக்கல. பொறங்கையில இருந்த தழும்பு போதுமானதா இருந்துச்சு. ஆனா பார்வை மட்டும் மாறல, சமயம் வரட்டும்னு காத்துட்டு இருந்தான்.

வயல்ல நட்டுப் பத்து மாசம். நஞ்சப்பன் கடலை போடற பூமியை ஒதுக்கி, அண்ணன் தம்பியோட சண்டை கட்டித் தண்ணி வாங்கி, புள்ளையாட்டம் வளத்தாரு. மரம் இடுப்பு ஒசரத்துக்கு மேல எந்திரிக்கல. எலை குத்துக்குத்தா ஒண்ணு மேல ஒண்ணு அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. தார் வெளிய வர வழியில்லாம கழுத்துலயே சிக்கி, உள்ளயே அழுவிப்போச்சு. அங்கொண்ணு இங்கொண்ணு இல்ல, தோட்டம் பூரா. அளவுக்கு மேல வெட்டின கன்னு குணம் கெட்டுப்போயிரும், எட்டுக்கு மேல வெட்டக்கூடாதுன்னு சொன்னது அதுக்குத்தான்னு எனக்குப் பின்னாலதான் தெரிஞ்சுச்சு. சந்தைக்குப் போனா, பாட்டில் வாழைக்காரர் வர்றாரு, வழி விடுங்கன்னு சிரிச்சிருக்காங்க. கூடப்பொறந்த அண்ணனே வயல் வரப்புல நின்னு காறித் துப்பியிருக்கான்.

ஒருநாள் விடிஞ்சதும் எறங்கி எண்ணூறு மரத்தையும் ஒத்தையா வெட்டிச் சாச்சாரு. பாஞ்சாலி குறுக்க விழுந்திருக்கா, அவளையும் ஒதைச்சுத் தள்ளிட்டாரு. வெட்டி முடிச்ச அதே அருவாளோட பஸ் ஏறிட்டாரு. வேட்டி சட்டை பூரா வாழைக்கறை. பக்கத்து சீட்டுல யாரும் உக்காரலையாம்.

பத்து மணி இருக்கும். நாங்க கோட்டு, தொப்பி, வாய்த்துணி எல்லாம் மாட்டிட்டு வெட்டற ரூமுக்கு முன்னால இருக்கற நடையில நின்னுட்டு இருந்தோம். கேட்டுல சத்தம். சென்னப்பன் தோள்ல வெட்டு வாங்கி விழுந்தான். சின்னப்பராஜ் சார் எட்டிப் பாத்தாரு, ஆபீஸுக்குள்ள போயித் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு. நல்ல ஆம்பளை. நஞ்சப்பன் நடைக்குள்ள வந்தாரு. இடது கையில கசங்கின சீட்டு, வலது கையில அருவா. எல்லாரும் ஒரே வேசத்துல நிக்கறோம், யாரு யாருன்னு அவருக்குத் தெரியல.

"பதினொண்ணு யாரு?"

எனக்குத் தெரியும். அந்தச் சீட்டைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. வெட்டினது நான்.

"என் தோட்டத்தை அழிச்ச கை எது? சொல்லுங்கடி."

மிக்கேலம்மா வாய்த்துணியை அவுத்தா. "பதினொண்ணு நாந்தாங்கண்ணா."

அவரு அவ மூஞ்சியைப் பாத்தாரு. "நீயா? கைராசிக்காரின்னு உன்னைத்தான சொன்னேன்."

"என் கை வெட்டின கன்னு அப்படிப் போவாதுங்கண்ணா"ன்னா. சொல்லிட்டு என் பக்கம் திரும்பினா. என்னைப் பாத்தா. அவளுக்குப் புரிஞ்சுருச்சு. ஒரு வார்த்தை அவளும் எம்மேல சொல்லல. நான் தரையைப் பாத்தேன். சிமிட்டித் தரையில அவர் வேட்டியில இருந்து செவேல்னு ஒரு சொட்டு விழுந்துச்சு, சென்னப்பனோட ரத்தம். அதையே பாத்துட்டு நின்னேன்.

"கையை நீட்டு"ன்னாரு.

அவ பழையபடி ரெண்டு கையையும் அக்குளுக்குள்ள சொருகிக்கிட்டா. தலையைக் குனிஞ்சு காட்டினா. "தலையில வெட்டுங்கண்ணா. கை வேண்டாங்கண்ணா"ன்னா. அவரு மணிக்கட்டைப் புடிச்சு வலது கையை வெளிய உருவி, பாட்டில் தள்ளற டிராலி மேல வெச்சு அழுத்தினாரு. ரெண்டடி தள்ளி நான் நின்னுட்டு இருந்தேன். கையில பாட்டில் கழுவற பிரஷ். "நான்"னு ஒரு எழுத்து, ஒண்ணரை எழுத்து, அதைச் சொல்லியிருந்தாப் போதும். அருவா எறங்கிச்சு.

மூணு விரலு. கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் நின்னுச்சு. டிராலி கவுந்து பாட்டில் உருண்டு ஓடிச்சு. அப்பத்தான் எனக்குக் கத்தவே வந்துச்சு. நஞ்சப்பன் அருவாளைப் போட்டுட்டு அங்கயே குத்தவெச்சு உக்காந்து, "எண்ணூறு மரம், எண்ணூறு மரம்"னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதாரு. போலீஸ் வர்ற வரைக்கும் ஓடல. நான் தரையில தேடி மூணு விரலையும் பொறுக்கினேன். புதுசா வேகவெச்சு வெச்ச சுத்தமான பாட்டில்ல போட்டு மூடி, தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு மடியில வெச்சுட்டுப் போனேன். டாக்டரு பாட்டிலைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, முடியாதும்மான்னு தலையாட்டிட்டாரு.

நஞ்சப்பனுக்கு ஜெயில் ஆச்சு. போலீஸ் என்னையும் விசாரிச்சாங்க. பதினோராம் நம்பர் தப்பா வெட்டினதால வந்த தகராறுன்னு எழுதிக்கிட்டாங்க, நான் அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டேன். அப்பவும் வாயைத் திறக்கல. அதெல்லாம் பின்னால. அதுக்கு முன்ன, நாலாம் நாள் ஆஸ்பத்திரியில நடந்ததுதான் எனக்குச் சோத்துல கை வெக்கறப்ப எல்லாம் ஞாபகம் வருது.

கஞ்சி எடுத்துட்டுப் போயிருந்தேன். அவ கட்டுப் போட்ட கையைத் தலகாணி மேல வெச்சு, செவுத்தைப் பாத்துப் படுத்திருந்தா. நான் வந்த நாலு நாளும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. வலியில இருக்கான்னு நான் மனசைத் தேத்திக்கிட்டேன். அப்ப சவரி வந்தான். கட்டில் பக்கத்துல நின்னு, தழும்பு இருந்த கையால அவ கைக்கட்டு மேல ஒரு தட்டு தட்டிட்டுச் சிரிச்சான். "எங்கிட்ட இருந்து காப்பாத்தி வெச்சு எவனுக்கோ குடுத்துட்ட"ன்னான்.

கஞ்சியோட இருந்த தூக்குப்போசியால அவன் மண்டையில ஓங்கிப் போட்டேன். மூடி தெறிச்சுச்சு. கொதிக்கற கஞ்சி அவன் மூஞ்சி கழுத்தெல்லாம் வழியுது. கீழ விழுந்தான். விடாம இன்னொண்ணு போட்டேன், காது கிழிஞ்சுச்சு. நர்ஸும் வார்டுக்காரரும் வந்து என்னைப் புடிச்சு இழுக்கறாங்க. "அவ மேல இனி கை வெச்சே, கொன்னு போட்டுருவேன்டா"ன்னு கத்தறேன். அவனை வெளிய தூக்கிட்டுப் போனாங்க. எனக்கு மூச்சு வாங்குது. அவளுக்காக ஒண்ணு செஞ்சுட்டோம்னு, சொல்லவே கூசுது, உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி.

மிக்கேலம்மா மெல்லத் திரும்பி என்னைப் பாத்தா. அந்த நடையில பாத்தாளே, அதே பார்வை. குரலை ஒசத்தவே இல்ல.

"இவனை அடிக்க வந்துட்டயே குள்ளு. அன்னைக்கி உன் வாய் எங்க போயிருந்துச்சு? பதினொண்ணு நான்னு சொல்லிட்டு, நீ சொல்லுவ, நீ சொல்லுவன்னு உன்னைத்தான பாத்துட்டு நின்னேன்."

நான் குனிஞ்சு தரையில சிந்தின கஞ்சியைத் தொடைக்க ஆரம்பிச்சேன். அவ மறுபடியும் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.